எழுபது வயதுக்கு அட்டை, மற்றவர்களுக்கு?

அந்தமான் தீவில் ஒருவருக்குக் காய்ச்சல். அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சீட்டு எழுதுகிறார்கள். பெயர் கேட்கிறார்கள். வயது கேட்கிறார்கள். டாக்டர் பார்க்கிறார். மருந்து கிடைக்கிறது.

வயதை எதற்குக் கேட்டார்கள்? சீட்டில் எழுதத்தான். குழந்தையா, வாலிபரா, கிழவரா என்று பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

அதே மனிதருக்கு நெஞ்சு வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது புற்றுநோய் என்று தெரிகிறது. தீவில் செய்ய முடிந்ததை டாக்டர்கள் செய்கிறார்கள். சில நோய்களுக்கு அது போதாது. "இதற்கு மேல் சென்னையில்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது வயதுக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. அவருக்கு 70 வயது நிரம்பியிருந்தால், அரசு ஒரு காப்பீட்டு அட்டை தரும். பணக்காரரா ஏழையா என்று கேட்காது. 69 வயது என்றால் கேட்கும்.

ஏன் இப்படி? எல்லா வயதினருக்கும் இந்த அட்டை கிடைக்க வழி உண்டா? அதைப் பார்ப்போம்.

கடல் நடுவில் இருக்கிறது

அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்கணக்கான தீவுகள் உள்ளன. ஏறக்குறைய 30 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், நிக்கோபாரிகள் என்று பலரும் சேர்ந்து வாழும் இடம் இது. தமிழர்கள் பல காலங்களில் வந்தார்கள். கூலி வேலைக்கு வந்தார்கள். கடை வைக்க வந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் சிலரை அரசு கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது.

தலைநகரின் பெயர் போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கேதான் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. தீவுகளிலேயே பெரிய ஆஸ்பத்திரி அதுதான். மாயாபந்தரிலும் கார் நிக்கோபாரிலும் மாவட்ட ஆஸ்பத்திரிகள் உண்டு. சின்னத் தீவுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு.

ஆனால் தூரம் இருக்கிறதே! டிக்லிபூரிலிருந்து தலைநகருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். கேம்பல் பேயிலிருந்து கப்பலில் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். தலைநகரிலிருந்து சென்னைக்குக் கடல் வழியில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பலில் சுமார் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரம் போதும். ஆனால் விமான டிக்கெட் விலை எல்லோர் கைக்கும் எட்டாது. நோயாளி தனியாகப் போக முடியாது. கூட ஒருவர் போக வேண்டும். அப்படியானால் இரண்டு டிக்கெட்.

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து மனிதர் பஸ் ஏறினால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கையில் அட்டை இல்லாவிட்டாலும் அங்கே படுக்கை கிடைக்கும். தீவுக்காரருக்கு அந்த பஸ் இல்லை. ஆகவே காப்பீடு என்ற பேச்சு மற்ற ஊர்களைவிடத் தீவில் அதிகம் உறைக்கிறது.

காப்பீடு என்றால் என்ன?

சீட்டுப் போடுவது எல்லோருக்கும் தெரியும். இருபது பேர் சேர்கிறார்கள். மாதம் ஆளுக்கு ஐந்நூறு கட்டுகிறார்கள். மாதம் ஒருவர் எடுக்கிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரு முறை பணம் வந்துவிடும்.

காப்பீடும் சேர்ந்து பணம் போடுவதுதான். இன்சூரன்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். ஆனால் சீட்டுப் போல எல்லோருக்கும் திரும்பி வராது. யாருக்கு நோய் வருகிறதோ அவருக்குத்தான் பணம் போகும். நோய் வராதவருக்கு ஒன்றும் வராது. அவர் வருத்தப்பட வேண்டியதில்லை. நோய் வராததே அவருக்கு லாபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரிந்துகொள்வதற்காகப் போடும் கணக்கு.

ஒரு தெருவில் 100 பேர். எல்லா வயதினரும் இருக்கிறார்கள். வருடத்தில் 2 பேருக்குப் பெரிய நோய் வருகிறது. ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் செலவு. இரண்டு பேருக்கு 2 லட்சம். இதை 100 பேர் பங்கு போட்டால் தலைக்கு 2,000 ரூபாய்.

இன்னொரு தெருவிலும் 100 பேர். ஆனால் எல்லோரும் 70 வயது தாண்டியவர்கள். வருடத்தில் 10 பேருக்கு நோய் வருகிறது. செலவு 10 லட்சம். பங்கு போட்டால் தலைக்கு 10,000 ரூபாய்.

பார்த்தீர்களா? வயதானவர்கள் மட்டும் சேர்ந்தால் பங்கு கூடிவிடுகிறது. தனியார் கம்பெனிகள் வயதானவர்களிடம் அதிக பிரீமியம் கேட்பது இதனால்தான். சில கம்பெனிகள் வயதானவர்களைச் சேர்த்துக்கொள்ளவே தயங்குகின்றன. அதனால்தான் பல நாடுகளில் அரசு முதலில் முதியவர்களுக்குக் கைகொடுக்கிறது. அவர்களை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் அரசு எடுத்துக்கொள்கிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். முதியவர் இருக்கும் திட்டத்தில் இளையவர்களையும் சேர்த்தால் என்ன ஆகும்? மொத்தச் செலவு கூடும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தலைக்கு ஆகும் செலவு குறையும். "எல்லோருக்கும் கொடுத்தால் அரசு தாங்குமா?" என்று கேட்கிறவர்கள் மொத்தச் செலவை மட்டும் பார்க்கிறார்கள். தலைச் செலவையும் பார்க்க வேண்டும்.

அட்டை வந்த கதை

2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஏழைகளுக்கு ஒரு காப்பீடு கொண்டு வந்தது. ஒரு குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய். குடும்பத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆறாவது ஆள் இருந்தால்? யாரை விடுவது என்று வீட்டுக்குள்ளேயே முடிவு செய்ய வேண்டும். பாட்டியை விடுவதா, பேத்தியை விடுவதா? ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமையான கேள்வி இருக்க முடியாது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு. எத்தனை பேர் இருந்தாலும் சரி. எந்த வயதானாலும் சரி. முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை பெறலாம். இது நல்ல மாற்றம்.

ஆனால் யாருக்கு? 2011-ஆம் ஆண்டில் சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதில் ஏழைகள் என்று பதிவான குடும்பங்களுக்குத்தான். ஓர் அறைக் குச்சு வீடு, நிலமில்லாக் கூலி, சம்பாதிக்கும் வயதில் ஆண் துணை இல்லாமல் பெண் நடத்தும் குடும்பம் என்று பல அடையாளங்கள் வைத்திருந்தார்கள். பிறகு மாநிலங்கள் வேறு பட்டியல்களையும் பயன்படுத்தலாம் என்று தளர்த்தினார்கள். 2024-ஆம் ஆண்டில் ஆஷா ஊழியர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் உதவியாளர்களையும் சேர்த்தார்கள்.

அதே 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி இன்னொரு கதவு திறந்தது. 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் அட்டை. வருமானம் பார்ப்பதில்லை. பட்டியல் பார்ப்பதில்லை. ஆதாரில் வயது 70 என்று இருந்தால் போதும். இதற்கு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை என்று பெயர். நாடு முழுவதும் சுமார் 6 கோடி முதியவர்களுக்கு இது பயன்படும் என்று அரசு சொன்னது. தொடக்கச் செலவுக்கு 3,437 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 60 வயதானால் மூத்த குடிமகன். காப்பீட்டுக்கு மட்டும் 70. நடுவே பத்து வருடம் காத்திருக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவருக்கு 60-லேயே முதுகு வளைந்துவிடுகிறது. 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழு ஒன்றே வயதை 60 ஆகக் குறைக்கும்படி பரிந்துரை செய்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில்

ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பெரியவருக்கு 72 வயது. மகனுக்கு 46. மீன்பிடிப் படகில் போகிறார். மருமகள் வீட்டோடு தையல் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆஷா ஊழியர் பெரியவரின் அட்டையைக் கொண்டு வந்து கொடுக்கிறார்.

பெரியவர் கேட்கிறார்: "எனக்கு வந்துடுச்சும்மா. இவனுக்கு எப்ப வரும்?"

"அண்ணனுக்கு இப்ப வராதுங்க தாத்தா. உங்களுக்கு வயசைப் பார்த்துக் கொடுத்தாங்க. அண்ணனுக்குப் பட்டியலைப் பார்ப்பாங்க. உங்க வீட்டுப் பேரு பட்டியல்ல இல்லை."

மகன் சொல்கிறார்: "அந்தக் கணக்கு எடுத்தப்ப எனக்குக் கல்யாணமே ஆகலை தங்கச்சி. அப்பாவும் நானும் அண்ணன் வீட்டுல இருந்தோம். அண்ணன் அப்ப கடை வச்சிருந்தார். நான் தனியா வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அதுதான் அண்ணே சிக்கல். காகிதத்துல நீங்க இன்னும் அந்த வீட்டுலயே இருக்கீங்க. எனக்கே போன வருஷம் வரைக்கும் அட்டை கிடையாது. ஊரெல்லாம் அட்டை எடுத்துக் கொடுப்பேன். எங்க வீட்டுக்கு இல்லை."

பெரியவர் பெருமூச்சு விடுகிறார். "நான் விழுந்தா ஒரு ஆள்தான் போவான். இவன் விழுந்தா அஞ்சு பேரு சாப்பாடும் போயிடும். எதை முதல்ல பார்க்கணும்?"

மருமகளுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க மாமா. போன மாசம் உங்களுக்கு மூச்சு இரைச்சப்ப யாரு கடன் வாங்கினது? அவருதானே? உங்களுக்கு அட்டை வந்தா அவரு கடனும் குறையுது. ஒரே அடுப்புதானே?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முதியவரின் ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. அதனால் 70 வயது அட்டை இளையவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு. இதைச் சிறிது என்று சொல்லக் கூடாது. ஆனால் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அந்த அட்டை அவருக்கு உதவாது. பெரியவரின் 5 லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட மகனுக்குச் செலவு செய்ய முடியாது. விதி அப்படி. 70 நிரம்பியவர்கள் ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் இருந்தால் அவர்கள் இருவரும் அந்த 5 லட்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கணவன் மனைவி என்றால் மனைவிக்கும் 70 ஆகியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் நடந்த இரண்டு கதைகள்

அமெரிக்காவில் ஹாரி ட்ரூமன் என்று ஒரு ஜனாதிபதி இருந்தார். 1945-ஆம் ஆண்டில் அவர் சொன்னார்: நாட்டில் எல்லா மக்களுக்கும் அரசு காப்பீடு வேண்டும். எல்லோருக்கும் என்றால் எல்லா வயதினருக்கும். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சட்டம் வரவில்லை.

ஆதரவாளர்கள் யோசித்தார்கள். எல்லோருக்கும் என்று கேட்டால் கிடைக்கவில்லை. முதியவர்களுக்கு மட்டும் கேட்போம். அதை யார் மறுப்பார்கள்? அப்படிக் கேட்டுக் கேட்டு 20 வருடம் போனது. 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 65 வயதானவர்களுக்குக் காப்பீடு. அதன் பெயர் மெடிகேர். முதல் அட்டை ட்ரூமனுக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு 81 வயது.

மெல்ல மெல்ல வயதைக் குறைத்துக்கொண்டே வரலாம் என்று பலர் நம்பினார்கள். 65 பிறகு 60 ஆகும், 50 ஆகும், ஒரு நாள் எல்லோருக்கும் ஆகும் என்று எண்ணினார்கள். 1972-ஆம் ஆண்டில் உடல் ஊனமுற்றவர்களையும், சிறுநீரகம் செயலிழந்தவர்களையும் வயது பார்க்காமல் சேர்த்தார்கள். அத்தோடு சரி. 60 வருடம் ஆகியும் வயது எல்லை 65-தான். எல்லா வயதினருக்கும் மெடிகேர் வேண்டும் என்று அங்கே பலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து நாடு கனடா. அங்கே கதை வேறு மாதிரி நடந்தது. சாஸ்காட்செவான் என்று ஒரு மாநிலம். கோதுமை விளையும் இடம். அப்போது அங்கே 8 லட்சம் பேர் அளவில்தான் இருந்தார்கள். டாமி டக்ளஸ் என்பவர் அங்கே முதலமைச்சர் ஆனார். அவர் சிறு வயதில் காலில் எலும்பு நோயால் அவதிப்பட்டவர். காலை எடுக்க வேண்டும் என்ற நிலை. வீட்டில் பணம் இல்லை. ஒரு டாக்டர் தம் மாணவர்களுக்குப் பாடம் காட்டுவதற்காக இலவசமாகச் சிகிச்சை செய்தார். கால் பிழைத்தது. அந்த டாக்டர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் டக்ளஸை விடவில்லை.

1947-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த மாநிலத்தில் ஆஸ்பத்திரிக் காப்பீடு தொடங்கியது. தலைக்கு வருடம் 5 டாலர். குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும். ஒரு மாநிலத்தில் நடந்ததை மற்ற மாநிலங்கள் பார்த்தன. 1957-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1962-ஆம் ஆண்டில் சாஸ்காட்செவான் டாக்டர் கட்டணத்தையும் சேர்த்தது. டாக்டர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலை நிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கவில்லை. 1966-ஆம் ஆண்டில் அதற்கும் நாட்டுச் சட்டம் வந்தது.

அமெரிக்கா பெரிய நாடு முழுவதிலும் முதியவர்களிடம் தொடங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. கனடா ஒரு சின்ன இடத்தில் எல்லோரிடமும் தொடங்கியது. அது பரவியது. இதை வைத்து எல்லா நாட்டுக்கும் ஒரே விதி சொல்லிவிட முடியாது. ஆனால் வயது எல்லை தானாக இறங்கி வரும் என்று காத்திருக்க முடியாது என்பது தெரிகிறது.

நம் நாட்டில் இல்லையா?

இருக்கிறது. ஜம்மு காஷ்மீரில் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சேஹத் என்ற திட்டம் தொடங்கியது. ஆயுஷ்மான் பட்டியலில் இல்லாத குடும்பங்களும் அதில் சேரலாம். அங்கே குடியிருப்பவர் என்றால் போதும். வயது இல்லை, வருமானம் இல்லை. அதே 5 லட்சம். அதுவும் யூனியன் பிரதேசம்தான். அந்தமானைவிடப் பல மடங்கு மக்கள் தொகை உள்ள இடம்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ஆம் ஆண்டில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. அங்கே வயது எல்லை கிடையாது. வருமான எல்லைதான் உண்டு. இலங்கையில் அட்டை என்ற பேச்சே இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லோருக்கும் இலவசம். கச்சல் தீவுக்கு வந்த தோட்டத் தமிழர்களில் மூத்தவர்களுக்கு இது தெரிந்த கதை.

அந்தமானில் மத்தியத் திட்டம் வருவதற்கு முன்பே தீவு நிர்வாகம் ஒரு காப்பீடு கொண்டு வந்தது. அதன் பெயர் அனிஷி. தீவில் செய்ய முடியாத சிகிச்சைக்காகக் கரைக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்கானது அது. தீவின் தேவை என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டு போட்ட திட்டம் என்று சொல்லலாம். வயது பார்க்காமல் வருமானம் பார்த்தது. கரைக்குப் போக டாக்டர் எழுதிக் கொடுத்தால், எந்தத் திட்டத்தில் இடம் உண்டு என்று ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீவில் எல்லோருக்கும் கொடுத்தால்?

முதல் கேள்வி பணம். மாநிலங்களில் ஆயுஷ்மான் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போடுகின்றன. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களில் முழுச் செலவும் மத்திய அரசுடையது. அந்தமானுக்குச் சட்டமன்றம் இல்லை. ஆகவே முடிவு டில்லியில்தான் எடுக்க வேண்டும். நாலு லட்சம் பேர் அளவுள்ள இடம். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள் தொகைதான். நாட்டின் கணக்கில் இது சின்னத் தொகை.

இரண்டாவது கேள்வி பட்டியல். எல்லோருக்கும் என்றால் பட்டியல் வேலையே குறைந்துவிடும். யார் ஏழை என்று தேட வேண்டியதில்லை. பழைய கணக்கில் பெயர் விட்டுப்போனவர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வந்து வேலை செய்கிறவர் தீவுக்காரரா, கரைக்காரரா என்ற கேள்வி எழும். கட்டட வேலைக்கு வரும் கூலிக்காரர்கள் பலர். எத்தனை வருடம் இருந்தால் தீவுக்காரர் என்று ஒரு விதி வேண்டும். அந்த விதி கடுமையாக இருந்தால் மிகவும் ஏழைகளே வெளியே நிற்பார்கள்.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. அட்டை ஆஸ்பத்திரி வாசலில்தான் வேலை செய்யும். அந்த வாசல் வரை போகும் செலவை அது கொடுக்காது. கப்பல் டிக்கெட், விமான டிக்கெட், சென்னையில் கூட இருப்பவர் தங்கும் அறை, அவர் சாப்பாடு, படகுக்குப் போகாத நாட்களின் கூலி, இவையெல்லாம் குடும்பத்தின் தலையில்தான். சிகிச்சை இலவசமாக முடிந்தும் கடனோடு திரும்பும் குடும்பங்கள் உண்டாவது இப்படித்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தினமும் சாப்பிடும் மாத்திரைக்கும் அட்டை உதவாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கணக்கு. சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்தும் மட்டும் சேரும்.

ஆகவே எல்லா வயதினருக்கும் அட்டை என்று கேட்கும்போது கூடவே கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. நோயாளிக்கும் துணைக்கும் பயணச் செலவு ஒன்று. தீவு ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டர்கள் இருப்பது இன்னொன்று. 2015-ஆம் ஆண்டில் தீவில் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி அதோடு இணைந்தது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் தீவிலேயே தங்கினால், கடல் தாண்ட வேண்டிய நோய்கள் குறையும். டாக்டர் இல்லாத ஊரில் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைக் கேட்பது யார்? கிராமங்களில் பஞ்சாயத்து இருக்கிறது. கிராம சபை கூடுகிறது. தீவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கிராம சபையில் "எங்கள் ஊரில் 70 வயதுக்குக் கீழே அட்டை இல்லாத வீடுகள் எத்தனை?" என்று கேட்கலாம். அந்த எண்ணை எழுதி வாங்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும் வீட்டில் இதற்கு இன்னொருவர் துணை தேவையில்லை. எண் கையில் இருந்தால் மனு வலுவாக இருக்கும்.

இப்போது கிடைப்பதை வாங்கிக்கொள்ள

உங்கள் வீட்டில் 70 நிரம்பியவர் இருக்கிறாரா? அவர் ஆதாரை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா? பல முதியவர்களுக்கு அங்கே தவறான வருடம் பதிந்திருக்கும். 73 வயதுக்காரர் ஆதாரில் 66 வயதாக இருப்பார். தவறு இருந்தால் முதலில் அதை ஆதார் மையத்தில் திருத்த வேண்டும். அப்புறம்தான் அட்டை.

ஆதாரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆஷா ஊழியரிடம் சொல்லலாம். செல்போனில் ஆயுஷ்மான் செயலி வழியாகவும் பதியலாம். திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முதியவரின் குடும்பம் ஏற்கனவே ஆயுஷ்மான் பட்டியலில் இருக்கலாம். அப்போதும் அவர் புதிதாகப் பதிய வேண்டும். அவருக்குத் தனியாக இன்னொரு 5 லட்சம் கிடைக்கும். குடும்பத்தின் 5 லட்சம் மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும். தனியார் காப்பீடு வைத்திருப்பவரும் இந்த அட்டை எடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர் திட்டத்திலோ, முன்னாள் ராணுவத்தினர் திட்டத்திலோ இருப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

70 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். "எங்களுக்கு இருக்காது" என்று நினைத்துப் பார்க்காமலே விட்டவர்கள் உண்டு.

கரைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். போகப் போகும் ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்ததா, உங்கள் நோய்க்கு அங்கே திட்டத்தில் சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா நோய்க்கும் சேர்ந்திருப்பதில்லை. சென்னையில் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால் பயனில்லை. அந்தமானில் எடுத்த அட்டை சென்னையிலும் செல்லும். ஆஸ்பத்திரியில் ஆரோக்ய மித்ரா என்ற உதவியாளர் உட்கார்ந்திருப்பார். அட்டையை அவரிடம் காட்ட வேண்டும். டாக்டர் எழுதிய சீட்டு, பழைய பரிசோதனைத் தாள்கள், ஆதார் ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்வது நல்லது.

சந்தேகம் கேட்க 14555 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதற்குக் காசு பிடிக்காது.